ஹேண்டி செட்டில் ஸ்கேன்: எண்கள் ஓடுகின்றன, குரல் மட்டும் கேட்பதில்லை, ஏன்?

கேள்வி இது: வியு3 என்ற ஹாம் (அமெச்சூர் ரேடியோ) உரிமம் கைக்கு வந்தாயிற்று. பாளையங்கோட்டையில் மொட்டை மாடி, கையில் பாவ்ஃபெங் யுவி-5ஆர் வாக்கி-டாக்கி. ஸ்டார் பட்டனை இரண்டு நொடி அழுத்திப் பிடித்தால் ஸ்கேன் (செட் தானாகவே எண் எண்ணாகத் தேடுவது) ஓடுகிறது. மணிக்கணக்கில் ஓடினாலும் ஒரு ஹாம் குரல்கூடச் சிக்கவில்லை. நின்றால் இரைச்சலில்தான் நிற்கிறது. தப்பித் தவறி யாராவது பேசுவது கிடைத்தாலும் ஐந்து நொடியில் அதை விட்டுவிட்டு ஓடிவிடுகிறது. செட்டில் கோளாறா?

செட்டில் ஒரு கோளாறும் இல்லை. கணக்கைப் பாருங்கள். யுவி-5ஆர் ஒரு நொடிக்கு ஏறக்குறைய மூன்று இடங்களைத்தான் தொட்டுப் பார்க்கும். கடையில் வாங்கியபடியே விஎஃப்ஓ நிலையில் (எந்த எண்ணையும் நேராக அடிக்கும் நிலை) ஸ்கேன் போட்டால் அது 136 முதல் 174 மெகாஹெர்ட்ஸ் வரை முழுவதும் ஓடும். ஸ்டெப் (ஒரு தாவலின் அளவு) 5 கிலோஹெர்ட்ஸ் என்றால் அது 7,600 படிகள். ஒரு சுற்று முடிய 42 நிமிடம். நமக்கு உள்ளதோ 144 முதல் 146 வரை இரண்டே மெகாஹெர்ட்ஸ். அதாவது 42 நிமிடத்தில் இரண்டு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாக மட்டுமே செட் நம்முடைய பேண்டுக்குள் இருக்கிறது. வள்ளியூரில் ஒருவர் 145.500-ல் இருபது நொடி அழைத்துவிட்டு நிறுத்தினால், அந்த இருபது நொடியில் உங்கள் செட் அங்கே இருக்க வாய்ப்பே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். ஸ்கேனில் எதைச் சேர்ப்பது என்பதைவிட எதையெல்லாம் வெட்டி எறிவது என்பதுதான் வேலை.

முதலில் ஸ்டெப். மெனு 1-ல் அதை 12.5 ஆக்குங்கள். 144–146 மட்டும் என்றால் 160 படிகள், ஒரு சுற்றுக்கு 53 நொடி. 25 ஆக்கினால் 80 படிகள், 27 நொடி. இதில் ஒரு சிக்கல் உண்டு: ஸ்கேன் தொடங்கும் எண்ணிலிருந்துதான் படிகள் எண்ணப்படும். 145.510-ல் நின்றுகொண்டு 25 கிலோஹெர்ட்ஸ் ஸ்டெப்பில் ஸ்கேனைத் தட்டினால் அது 145.485, 145.510, 145.535 என்று தாவும், 145.500-ஐ ஒருநாளும் தொடாது. அதனால் எப்போதும் 145.500 என்று விரலால் அடித்துவிட்டு அதன் பிறகே ஸ்கேனைத் தொடங்குங்கள்.

12.5 ஸ்டெப்பில் வேறொரு தொந்தரவு. பக்கத்தில் இருந்து பலமாக வரும் சிக்னல் 145.500-ல் இருந்தால், கீழிருந்து மேலே போகும் ஸ்கேன் அதற்கு முந்தின படியான 145.4875-லேயே நின்றுவிடும். செட்டின் வடிகட்டி அவ்வளவு குறுகலானது இல்லை. பக்கத்துப் படியிலும் சிக்னல் வழிந்து, சிக்னல் இல்லாதபோது ஒலியை அடைத்து வைக்கும் ஸ்குவெல்ச்சைத் திறந்துவிடும். குரல் கிழிந்தாற்போல், 'ஸ்' எழுத்தெல்லாம் சிதறிக் கேட்டால் அதுதான் காரணம். அம்புக்குறியை ஒருமுறை தட்டி அடுத்த படிக்குத் தள்ளுங்கள், தெளிந்துவிடும். ஸ்கேன் ஓடும்போது அதே அம்புக்குறிகள்தான் திசையையும் மாற்றுகின்றன.

விஎஃப்ஓ ஸ்கேன் நமது பேண்டுக்கு வெளியே போகாமல் இருக்க எல்லை கட்ட வேண்டும். யுவி-5ஆரில் பட்டனை வைத்துக்கொண்டு இது முடியாது. கணினியில் சிர்ப் மென்பொருள் வேண்டும். செட்டைப் படித்து எடுத்த பிறகு, செட்டிங்ஸ் பகுதியில் விஎச்எஃப் (அந்த 136–174 பகுதி) கீழ்வரம்பு, மேல்வரம்பு என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். 144, 146 என்று போடுங்கள். யுஎச்எஃப்-க்கு (செட்டின் மேல் பேண்டு) நமக்கு அனுமதி 434 முதல் 438 வரை, அதையும் போடுங்கள். செட்டுக்கு அனுப்பிய பிறகு கையால் மேலே திருப்பிப் பாருங்கள். 146-ஐத் தாண்டியும் ஓடினால் மேல்வரம்பை 145 ஆக்குங்கள்; அத்தகைய செட்டில் 145 என்றால் 146-ஐத் தொடும்வரை என்று பொருள். இதில் இன்னொரு லாபம், தெரியாமல் பேண்டுக்கு வெளியே பிடிடியை (பேசும் பட்டன்) அழுத்தும் ஆபத்தும் போய்விடுகிறது.

வெளியே ஓடவிட்டால் என்ன கேட்கும் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்தன்று போலீஸ் வயர்லெஸ், உவரி, இடிந்தகரைப் பக்கம் படகுகளின் கடல் விஎச்எஃப், காற்றாலைக்காரர்கள், செக்யூரிட்டிக்காரர்கள் என்று பலவும் அந்த 38 மெகாஹெர்ட்ஸுக்குள் இருக்கும். நம் உரிமம் அமெச்சூர் பேண்டுகளுக்கு மட்டுமே. பிற துறைகளின் செய்தியைப் பிடித்து ஊருக்குச் சொல்வது உரிமத்துக்கே வேட்டு வைக்கும். வாகைக்குளம் விமான நிலையத்துப் பேச்சைக் கேட்கலாம் என்று சிலர் நினைப்பதுண்டு. விமானப் பேச்சு 118–137 மெகாஹெர்ட்ஸில் ஏஎம் முறையில் நடக்கிறது, இது எஃப்எம் செட். விடுங்கள்.

இவ்வளவு செய்தாலும் விஎஃப்ஓ ஸ்கேன் என்பது புதிய ஊருக்குப் போனால் என்ன இருக்கிறது என்று துழாவிப் பார்க்க மட்டுமே. அன்றாடம் கேட்க மெமரி ஸ்கேன்தான், அதாவது சேமித்துவைத்த எண்களை மட்டும் சுற்றுவது. பன்னிரண்டு சேனல் மட்டும் இருந்தால் ஒரு சுற்றுக்கு நான்கு நொடி. யார் அழைத்தாலும் அழைப்பு முடிவதற்குள் சிக்கிவிடுவார்.

அந்தப் பன்னிரண்டை எப்படித் தேர்ந்தெடுப்பது? 145.500 சிம்ப்ளெக்ஸ் (செட்டிலிருந்து செட்டுக்கு நேராக ஒரே எண்ணில் பேசுவது) கட்டாயம். உள்ளூர் நண்பர்கள் வழக்கமாகச் சந்திக்கும் சிம்ப்ளெக்ஸ் எண்கள் ஒன்றிரண்டு. மற்றவை ரிப்பீட்டர்கள், அதாவது ஒரு எண்ணில் கேட்டதை வேறொரு எண்ணில் திருப்பி அனுப்பும் நிலையங்கள். ரிப்பீட்டர் பட்டியல் என்று சுற்றுவதில் பாதி பழசாகிப்போனது; ஆகவே காதால் கேட்டு உறுதி செய்த பிறகே சேருங்கள். அதற்கு ஒரு துழாவல் பட்டியல் போட்டுக்கொள்ளலாம்: இரண்டு மீட்டர் பேண்டில் (நம்முடைய 144–146) ரிப்பீட்டர் வெளியீடுகள் பெரும்பாலும் 145.600-க்கும் 145.800-க்கும் நடுவே இருக்கும். 12.5 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் அது பதினேழு எண்கள். அவற்றை மெமரி 100 முதல் 116 வரை போட்டு, காலையில் நெட் (பலர் ஒரே எண்ணில் கூடிப் பேசுவது) நடக்கும் நேரத்திலும் இரவு எட்டு மணிக்கு மேலும் ஓடவிடுங்கள். பதினேழுக்கு ஆறு நொடிக்கும் குறைவு. பேச்சு இல்லாவிட்டாலும் பல ரிப்பீட்டர்கள் இடைவெளி விட்டுத் தங்கள் அழைப்புக்குறியை மோர்ஸில் அடிக்கும். அது சிக்கினால் போதும், ஆள் உயிரோடு இருக்கிறார் என்று தெரிந்துகொள்ளலாம்.

நிலத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். பாளையங்கோட்டை, மேலப்பாளையம் எல்லாம் சமவெளி. கிழக்கே தூத்துக்குடிப் பக்கம் தடையே இல்லை. மேற்கே பொதிகை, களக்காடு மலைகள் சுவராக நிற்பதால் கேரளத்து ரிப்பீட்டர்கள் அம்பாசமுத்திரத்திலும் பாபநாசத்திலும் பெரும்பாலும் கேட்காது; பணகுடிக்குத் தெற்கே ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கமும், வடக்கே செங்கோட்டைக் கணவாய்ப் பக்கமும் போனால் திடீரென்று காதில் விழக்கூடும். மலையாளம் கேட்டால் ஆச்சரியப்பட வேண்டாம், அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கடற்கரையில் ஜனவரி முதல் ஏப்ரல் வரை சில அதிகாலைகளில் மன்னார் வளைகுடாவின் மேல் காற்று அடுக்கடுக்காக நின்று விஎச்எஃப் அலையைக் குழாய்போல் ஏந்திச் செல்லும்; இலங்கையின் 4எஸ்7 அழைப்புக்குறிகள் அப்போது வரும். அந்த மாதங்களில் கூடங்குளம், உவரிப் பக்கம் இருப்பவர்கள் துழாவல் பட்டியலை ஓடவிட்டால் வீண் போகாது.

மெமரியில் ஏற்றும் முறை: விஎஃப்ஓவில் எண்ணை அடித்து, மெனு 27, சேனல் எண், மீண்டும் மெனு. ரிப்பீட்டர் என்றால் முதலில் கேட்கும் எண்ணை ஏற்றிவிட்டு, அனுப்பும் எண்ணை அடித்து (இங்கே வழக்கமாக 600 கிலோஹெர்ட்ஸ் கீழே) அதே சேனல் எண்ணிலேயே இன்னொரு முறை ஏற்ற வேண்டும். பழைய எண்ணை அழிக்க மெனு 28. ஆனால் ஒரு சேனல் மெமரியில் இருக்கட்டும், ஸ்கேனில் மட்டும் வேண்டாம் என்றால் பட்டன் வழியாக முடியாது. சிர்ப்பில் ஒவ்வொரு வரிசையிலும் 'ஸ்கிப்' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் 'எஸ்' போட்டால் ஸ்கேன் அதைத் தாண்டிப் போய்விடும். துழாவல் வரிசை 100–116-க்கு வழக்கமாக 'எஸ்' போட்டுவைத்து, தேவையானபோது எடுத்துவிடுவது நல்ல ஏற்பாடு. 128 மெமரி இருக்கிறதே என்று நிரப்பிவிட்டு எல்லாவற்றையும் ஸ்கேனில் விடுவதுதான் பலரும் செய்வது. அப்புறம் ஒரு சுற்றுக்கு 43 நொடி, பழைய கதைதான்.

கேபிள் விஷயம் சுருக்கமாக. மலிவு கேபிள்களில் போலி புரோலிஃபிக் சிப் இருந்தால் விண்டோஸ் டிரைவர் ஏற்காமல் அடம்பிடிக்கும். சிஎச்340 அல்லது எஃப்டிடிஐ சிப் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். "செட் பதில் சொல்லவில்லை" என்று மென்பொருள் சொன்னால் பத்தில் எட்டு முறை இரட்டை முள் பிளக் கடைசி மில்லிமீட்டர் உள்ளே போகாததுதான் காரணம். எதையும் எழுதும் முன் செட்டை ஒருமுறை படித்து அந்தக் கோப்பைத் தனியாகச் சேமித்துவையுங்கள்.

இனி ஐந்து நொடி விஷயம். மெனு 18, எஸ்சி-ரெவ். அதில் டிஓ, சிஓ, எஸ்இ என்று மூன்று. கடையிலிருந்து வரும்போது டிஓ இருக்கும்: சிக்னல் கிடைத்ததும் நிற்கும், சில நொடி கழித்துப் பேச்சு நடந்துகொண்டிருந்தாலும் கிளம்பிவிடும். துழாவலுக்கு இது நல்லது, பேச்சு கேட்க உதவாது. சிஓ என்றால் சிக்னல் இருக்கும்வரை நிற்கும், விட்டதும் கொஞ்சம் பொறுத்துக் கிளம்பும். எஸ்இ என்றால் முதல் சிக்னலில் நின்று ஸ்கேனே முடிந்துவிடும். வேறு வேலையாக இருக்கிறீர்கள், எந்த எண்ணில் ஆள் வந்தார் என்று திரையைப் பார்த்துத் தெரிந்தால் போதும் என்றால் இதை வையுங்கள்.

வீட்டில் உட்கார்ந்து கேட்க சிஓதான். ஆனால் சிம்ப்ளெக்ஸில் அது ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. நாங்குநேரிக்காரர் பேசுவது உங்களுக்குக் கேட்கிறது. அவருக்குப் பதில் சொல்லும் களக்காட்டுக்காரர் மலையடிவாரத்தில் இருப்பதால் கேட்கவில்லை. நாங்குநேரி நிறுத்தியதும் செட்டுக்கு வெற்று அலைவரிசைதான். பொறுத்துப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடும். அவர் மறுபடி பேசும்போது செட் வேறெங்கோ இருக்கும். பேச்சு துண்டு துண்டாகக் கிடைத்தால் இதுதான் நடக்கிறது. அப்படி ஒரு பேச்சைப் பின்தொடர வேண்டுமானால் ஏதாவது ஒரு பட்டனைத் தட்டி ஸ்கேனை நிறுத்திவிட்டு அங்கேயே இருங்கள். ரிப்பீட்டரில் இந்தத் தொல்லை குறைவு; ஆள் நிறுத்திய பிறகும் ரிப்பீட்டரின் வால் சிறிது நேரம் தொங்கும், அதற்குள் அடுத்தவர் வந்துவிடுவார்.

இரைச்சலில் நிற்பதற்கு இரண்டு காரணங்கள், இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஒன்று வீட்டுக்குள் இருக்கும் மின்பொருள்கள்: எல்இடி பல்பு, போன் சார்ஜர், இன்வெர்ட்டர், கேபிள் டிவி பெட்டி. ஸ்கேன் எப்போதும் அதே இரண்டு மூன்று எண்களில் நின்றால் இவைதான். மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு ஓடவிட்டுப் பாருங்கள். இரைச்சல் போய்விட்டால் ஒவ்வொரு எம்சிபியாக ஏற்றிக் குற்றவாளியைக் கண்டுபிடிக்கலாம். மாற்ற முடியாத பொருள் என்றால் அந்த மெமரிக்கு 'எஸ்' போடுங்கள். மெனு 0-ல் ஸ்குவெல்ச்சை 3 அல்லது 4-க்கு ஏற்றிப் பார்க்கலாம், ஆனால் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள்: யுவி-5ஆரில் கடையிலிருந்து வரும் அமைப்பில் 1-க்கும் 9-க்கும் நடுவே வித்தியாசம் மிகச் சொற்பம். ஒவ்வொரு நிலைக்கும் என்ன அளவு என்பதைச் சிர்ப்பில்தான் மாற்ற வேண்டியிருக்கும்.

இரண்டாவது, மாடியில் பெரிய ஆண்டெனா வைத்த பிறகு வருவது. ரப்பர் ஆண்டெனாவில் ஒழுங்காக இருந்த செட், வெளி ஆண்டெனா மாட்டியதும் கண்ட இடத்திலெல்லாம் நின்று, பாட்டுத் துணுக்கும் உறுமலும் கலந்து கேட்டால், அது எஃப்எம் ஒலிபரப்புக் கோபுரம் அல்லது பக்கத்து வயர்லெஸ் கோபுரம் உங்கள் செட்டை அமுக்குகிறது என்று பொருள். இந்த செட்டின் ரிசீவர் முழுவதும் ஒரே சிப்பில் அடங்கியது. முன்னால் உறுதியான வடிகட்டி இல்லை. ஸ்குவெல்ச்சைக் கூட்டுவது இங்கே மருந்தல்ல, வரும் மெல்லிய சிக்னலும் போய்விடும். 88–108 மெகாஹெர்ட்ஸைத் தடுக்கும் வடிகட்டியை ஆண்டெனா வழியில் மாட்டுங்கள். அனுப்பவும் போகிறீர்கள் என்றால் அது 5 வாட் தாங்குமா என்று பார்த்து வாங்குங்கள். ரிசீவருக்கு மட்டும் என்று விற்கும் சின்ன வடிகட்டிகள் முதல் பிடிடியிலேயே கருகிவிடும்.

டோன் பற்றியும் ஒரு வார்த்தை. சிடிசிஎஸ்எஸ் என்பது குரலுக்கு அடியில் ஓடும் மெல்லிய ஒலி. பல ரிப்பீட்டர்கள் அது இருந்தால்தான் திறக்கும். அனுப்பும் டோனை மெனு 13-ல் போடுங்கள். மெனு 11, அதாவது கேட்கும் டோன், ஆஃப் ஆகவே இருக்கட்டும். ரிப்பீட்டர் தன் வெளியீட்டில் டோனைத் திருப்பி அனுப்பாவிட்டால், மெனு 11-ல் டோன் போட்ட செட் பச்சை விளக்கு எரிய ஊமையாக நிற்கும். "ரிப்பீட்டர் செத்துப்போச்சு" என்று வரும் புகார்களில் கணிசமானவை இதுதான். டோன் என்னவென்று தெரியாவிட்டால், யாராவது பேசிக்கொண்டிருக்கும்போது மெனு 11-க்குள் போய் ஸ்டார் பட்டனைத் தட்டுங்கள். செட் டோன்களை ஒவ்வொன்றாகத் தேடும். 88.5 என்பதுபோல் ஒன்றில் நின்றால் குறித்துக்கொண்டு மெனு 13-ல் போட்டுவிட்டு 11-ஐ ஆஃப் செய்துவிடுங்கள். சுற்றிச் சுற்றி வந்தால் வெளியீட்டில் டோன் இல்லை; ரிப்பீட்டரை நடத்துபவரிடம் கேட்பதுதான் வழி.

பதில் சொல்லும்போது அவசரப்படாதீர்கள். ஸ்கேன் நின்ற நொடியில் பிடிடியை அழுத்தினால், சில செட்கள் ஸ்கேனை நிறுத்த மட்டும் செய்யும், சில அப்படியே அனுப்பத் தொடங்கிவிடும். ஆகவே முதலில் ஏதாவது வேறு பட்டனால் ஸ்கேனை நிறுத்தி, திரையில் எண்ணைப் படித்து, பிறகு பேசுங்கள். மெனு 7 டிடிஆர், அதாவது மேலும் கீழும் இரண்டு எண்களை மாறி மாறிப் பார்ப்பது, ஸ்கேன் போடும்போது ஆஃப் ஆக இருப்பது நல்லது. டிடிஆர் தனியாகப் பயன்படுத்தும்போது மெனு 34-ஐக் கவனியுங்கள்: அது ஆஃப் என்றால் கடைசியாகச் சிக்னல் வந்த வரியில் அனுப்பும், ஏ அல்லது பி என்று வைத்தால் எப்போதும் அந்த வரியில்தான் போகும். கீழே கேட்டவருக்கு மேலே பதில் சொல்லிக்கொண்டிருக்கும் கூத்து இதனால்தான்.

அழைப்பவருக்கும் ஒரு கடமை இருக்கிறது, ஏனென்றால் எதிரே இருப்பவரும் ஸ்கேனில்தான் இருப்பார். பிடிடியை அழுத்தி ஒரு நொடி கழித்துப் பேச ஆரம்பியுங்கள். இல்லாவிட்டால் உங்கள் அழைப்புக்குறியின் தலை வெட்டுப்படும். அழைப்பில் எண்ணையும் சேர்த்துச் சொல்லுங்கள்: "145.500-ல் அழைக்கிறேன்" என்று இரண்டு முறை, பத்துப் பதினைந்து நொடி நீளத்தில். ஸ்கேனில் இருப்பவர் திரையைப் பார்க்காமலே தெரிந்துகொள்வார். சும்மா பிடிடியைத் தட்டிப் பார்த்து விடுவது ஊரில் உள்ள ஸ்கேன் செட்களையெல்லாம் நிறுத்தி வைப்பது தவிர வேறெதற்கும் உதவாது.

செட் மாற்றும் எண்ணம் இருந்தால், யெய்சு எஃப்டி-60 போன்றவற்றில் ஸ்கேன் உண்மையிலேயே வேறு தரம். அதில் எல்1/யு1 முதல் எல்50/யு50 வரை ஐம்பது ஜோடி எல்லைகளைப் பட்டனாலேயே வைத்து அந்த எல்லைக்குள் மட்டும் ஓடவிடலாம். ஒரு முக்கிய சேனலை ஐந்து நொடிக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கும் வசதியும் உண்டு. விலை பல மடங்கு. கேட்பதே பெரும்பாலான நேரம் என்றால் தகும்.

மழைக்காலத்துக்கு ஒரு ஏற்பாடு தனியாக வேண்டும். 2023 டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் கொட்டி, தாமிரபரணிக் கரை ஊர்களில் கரண்டும் செல்போனும் சேர்ந்து போனதுபோல் ஒரு நாள் வந்தால், முதல் ஒரு மணி நேரம் ஸ்கேன் பயன்படும்: யார் எந்த எண்ணில் நெட் நடத்துகிறார் என்று கண்டுபிடிக்க. கண்டுபிடித்ததும் ஸ்கேனை அணைத்துவிட்டு அங்கேயே உட்காருங்கள். நெட் நடத்துபவர் உங்கள் குறியைச் சொல்லி அழைக்கும்போது செட் பக்கத்துச் சேனலில் சுற்றிக்கொண்டிருந்தால் நீங்கள் இருந்தும் இல்லாதவர்தான். பேட்டரி காரணமும் உண்டு. சும்மா ஒரு சேனலில் இருக்கும்போது மெனு 3-ன் சேவ் வசதி ரிசீவரை விட்டு விட்டு அணைத்து மிச்சம் பிடிக்கும். ஸ்கேனில் ரிசீவர் இடைவிடாமல் உழைக்கும். 1800 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரி ஸ்கேனில் மாலைக்குள் தீர்ந்துவிட்டால், கரண்ட் இல்லாத ஊரில் காரிலிருந்து மின்சாரம் எடுப்பதுதான் கதி. அதற்கான பேட்டரி எலிமினேட்டரை (பேட்டரிக்குப் பதில் செட்டில் மாட்டிக் காரோடு இணைப்பது) வெயில் காலத்திலேயே வாங்கி, ஒருமுறை மாட்டிச் சோதித்து வைத்துவிடுங்கள்; சிலவற்றின் உள்ளே உள்ள மலிவுச் சுற்று இரண்டு மீட்டரிலேயே இரைச்சல் கிளப்பி, ஸ்கேனை 145.500-க்கு முன்னாலேயே நிறுத்திவிடும்.